திரையில் அடித்த மேற்குக் காற்று

1

போன வாரம் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தொற்றுக் காலத்தில் தொடங்கிய இணையவழி அவசரகாலப் பயிற்சிகளின் ஆண்டு விழாவைக் கொண்டாடுகிறார்களாம். கேக் வெட்டுவார்கள். கூடவே ஒரு படக்காட்சி. அதன் முதல் பக்கத்தில் 'எங்கள் முதல் வெற்றி: சென்னை' என்று டச்சு மொழியில் எழுதி, கீழே தென்னை மரங்களுக்கு நடுவே மிதக்கும் ஒரு கேரளத்துப் படகு வீட்டின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

படத்தை மாற்றச் சொல்லி எழுதினேன். படங்களை மாற்றும் அதிகாரம் வேறு பிரிவுக்கு என்று பதில் வந்தது. அந்தப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் விடுமுறையில் இருக்கிறார்கள்.

அந்த 'முதல் வெற்றி' அன்று என்ன நடந்தது என்பதை இங்கே யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியில் யாராவது கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால் ஊரில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னைக் கல்மண்டபம். அத்தா மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்குக் கயிறும் வலையும் விற்றார். ரசாயனப் பொறியியல் படித்துவிட்டு, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்த ஒரு திரவக் கிடங்கில் முதல் வேலைக்குப் போனேன். கப்பலில் வரும் ரசாயனங்களைப் பெரிய தொட்டிகளில் இறக்கி வைத்து, லாரியில் ஏற்றி அனுப்பும் இடம் அது. கல்யாணமாகி ராட்டர்டாம் வந்த பிறகும் தொட்டிகளை விட்டு நான் விலகவில்லை. கிடங்குகளில் விபத்து நடந்தால் ஓடிவர வேண்டிய குழுக்களுக்குப் பொய்யாக ஒரு விபத்தைத் தயாரித்துக் கொடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் 'சேஃப்டி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவேன். பொய் விபத்து தயாரிக்கிறேன் என்றால் பெண் கேட்டு வந்த சம்பந்தி வீட்டார்கூட எழுந்து போய்விடுவார்கள்.

2

தொற்று வருவதற்கு முன்னால், பயிற்சி என்றால் விமானம் ஏறிப் போவோம். குழாயைக் கையில் பிடிக்க வைப்போம், ஓட வைப்போம், வியர்க்க வைப்போம். விமானங்கள் நின்றதும் எல்லாவற்றையும் திரைக்குள் அடைக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில்தான் என் பழைய கிடங்கிலிருந்தே கேட்டு எழுதினார்கள்.

அவர்களுடைய தேவை உண்மையானது. ஒருவருக்கு நோய் வந்தால் மொத்தக் குழுவும் படுத்துவிடக் கூடாது என்று, தீயணைப்பு ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்திருந்தார்கள். ஓர் அணி வேலைக்கு வந்தால் மற்றது வீட்டில். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் நோயில் விழுந்தார்கள், புதியவர்கள் வந்தார்கள். நாளைக்கு ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. திரையிலாவது அவர்களைச் சேர்த்து வைக்க வேண்டும்.

என் மேலாளர் வில்லெம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக அப்படித் தோன்றும். பயிற்சிக்கான கதையை எழுதியது அவர். மேற்கிலிருந்து காற்று வீசுகிறது, ஒரு தொட்டிக்கு அருகில் கசிவு, பக்கத்துத் தெருக்காரர்கள் மேற்கே ரயில் பாதைப் பக்கம் போக வேண்டும் என்று வரைபடத்தில் பெரிய பச்சை அம்பு போட்டிருந்தார். அங்கே நண்பகலில் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசும் என்று நான் சொன்னேன். கதைதானே, காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன என்றார். கதையாகவே இருந்தாலும் அந்தத் தெரு நிஜத் தெரு என்றேன். 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்ற தலைப்பின் கீழ் அதைப் பிறகு குறித்துக்கொள்ளலாம் என்றார்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. தமிழ் பேசும் நான் பக்கத்து மேசையில் இருக்கும்போது, விதிப்படி ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள், சன்னலைச் சாத்துங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இடத்திலேயே தஞ்சமடைக' என்று வந்தது. ஒத்திகையின்போது கன்னியப்பன் அண்ணன் அதை உரக்கப் படித்துவிட்டு, "யார் கால்ல வுழணும், பானு?" என்று கேட்டார்.

கன்னியப்பன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். நான் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தபோது அவர் அங்கே தீயணைப்பு ஆள். இப்போது அணித் தலைவர். முகத்தில் சுவாச முகமூடியை மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிற வேலை. நான் வெளிநாடு போகிறேன் என்றபோது கிடங்கில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அவர் மட்டும், அங்கே மீன் கிடைக்குமா என்று விசாரித்தார்.

என் தமிழும் என்னைக் காட்டிக்கொடுத்தது. டச்சில் தண்ணீர்க் குழாய்க்கும் பாம்புக்கும் ஒரே சொல்தான், ஸ்லாங். வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லி, ஒத்திகையில் "எல்லாரும் ஸ்லாங்கை எடுங்க" என்று சொல்லிவிட்டேன். திரையில் இருந்த எல்லோரும் மரியாதையாக விழித்தார்கள். யாரும் சிரிக்காததுதான் வலித்தது. என்னை வெளியூர்க்காரியாக்கிவிட்டார்கள்.

3

பயிற்சி நாள். இங்கே காலை, அங்கே நண்பகல் நெருங்கும் நேரம். என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கட்டுப்பாட்டு மையம். அடுத்த அறையில் மகள் நஸ்ரினுக்கு இணையப் பள்ளி. இருவருக்கும் சேர்த்து இணைய வேகம் போதாமல் தினமும் எங்களுக்குள் சண்டை. அன்று அவளைக் கெஞ்சி, கேமராவை அணைக்கச் சொல்லியிருந்தேன்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆட்கள். கன்னியப்பன் அண்ணன் கிடங்கின் தீயணைப்பு அறையில். ஷமீம் என்ற பெண் கட்டுப்பாட்டு அறையில். டோல்கேட் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருக்கும் அணி அவரவர் வீட்டிலிருந்து. ஒருவர் பின்னால் மிக்சி ஓடியது. ஒருவர் தலைக்கு மேல் கொடியில் பாவாடை தொங்கியது. செல்வம் என்பவர் கிடங்கின் பின்சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் தெருவில் குடியிருப்பவர். அவர் கட்டத்தின் ஓரத்தில் அவர் மனைவி வள்ளி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

விதி ஒன்றுதான். என்ன சொன்னாலும் 'பயிற்சி, பயிற்சி' என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். நிஜத்தையும் பொய்யையும் யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வில்லெம் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாது. மென்பொருள் ஒன்று அவருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. அது கன்னியப்பன் அண்ணன் பேச்சை என்னவென்று மொழிபெயர்த்ததோ, அவர் புருவம் தூக்கியபடியே இருந்தது.

நன்றாகத்தான் போனது. கசிவு என்றோம், வால்வை மூடுவோம் என்றார்கள். ஒருவர் மயங்கி விழுந்தார் என்றோம், தூக்குவோம் என்றார்கள். ஆட்களின் கட்டங்களுக்குப் பக்கத்தில் பெரிதாக வரைபடம், அதில் அந்தப் பச்சை அம்பு.

நடுவில் ஷமீம், எச்சரிக்கைப் பலகையில் ஒரு விளக்கு எரிகிறது என்றாள். 'பயிற்சி' என்று சொல்லிவிட்டுச் சொல்லும்படி கன்னியப்பன் அண்ணன் திருத்தினார். வில்லெம் தாளில் எதையோ குறித்தார். ஷமீம் தயங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள்.

"அண்ணே, இது அதுல இல்ல. இது வேற."

சிலர் சிரித்தார்கள். ஏனென்றால் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு திருப்பத்தைச் சேர்ப்பது வில்லெமின் பழக்கம், அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இது உங்கள் வேலையா என்று அவருக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். பதிலுக்கு உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. ஆமாம் என்றா, படித்துவிட்டேன் என்றா, சபாஷ் என்றா? மனிதகுலம் எழுத்தைக் கண்டுபிடித்து இவ்வளவு காலம் ஆன பிறகு ஒரு கட்டைவிரலைப் பார்த்து அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வில்லெமின் கட்டத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. காபி எடுக்கப் போயிருந்தார்.

அப்போது வள்ளி இருமினாள். மீன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இன்னாயா இது, கண்ணு எரியுது" என்று கணவனிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அவள் கதையில் இல்லை.

"பயிற்சி முடிஞ்சிபோச்சு" என்று கத்தினேன். "அண்ணே, மெய்யாலுமே கசியுது. ஷமீம், சங்கை ஊது."

எந்தப் பொருள் கசிந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. கண்ணையும் தொண்டையையும் அறுக்கிற வகை, அளவு கூடினால் மூச்சை நிறுத்தும் வகை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கன்னியப்பன் அண்ணன் எழுந்து போனார். அவர் கட்டத்தில் ஒரு சுவரும் மின்விசிறியும் மிஞ்சின. பிறகு சங்கு ஊதியது. முதலில் ஷமீமின் கைபேசியில், அப்புறம் தீயணைப்பு அறையில், அப்புறம் செல்வத்தின் வீட்டில், அப்புறம் இன்னொருவர் வீட்டில். ஒரே சங்கு ஒவ்வொரு கைபேசி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, ராட்டர்டாமில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

செல்வம் தெருவுக்கு ஓடியிருந்தார். கைபேசி கையில் இருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே வந்து எங்கே போவது என்று அவரைக் கேட்கும் குரல்கள் கேட்டன. கிடங்கில் வேலை பார்ப்பவர் அவர்தானே.

"மேடம், இந்தப் பச்ச அம்பு ரயில் லைன் பக்கம் காட்டுது. அப்டியே போயிடறோம்."

வரைபடம் இன்னும் திரையில்தான் இருந்தது. அதை எடுக்கும் அதிகாரம் வில்லெமுக்கு மட்டும். நான் டச்சில் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காலி நாற்காலி.

"செல்வம், அந்த அம்ப வுட்டுத் தொலை" என்றேன். "மாடில துணி காயுதா? எந்தப் பக்கம் பறக்குது?"

"லைன் பக்கமாதான் பறக்குது."

"அப்ப கடக்காத்து. அங்க போனா கேஸும் உங்க கூடவே வரும். தெக்கால போ. எல்லாரையும் இட்டுக்கினு தெக்கால போ."

அவர் ஒரு கணம் நின்றார். திரையில் அச்சிட்ட அம்பு ஒரு பக்கம், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குரல் ஒரு பக்கம். பின்னாலிருந்து வள்ளி, "அந்தக்கா சொல்றத கேளுய்யா" என்றாள். கைபேசி தெற்கே திரும்பியது. செருப்பும் தரையும் வானமும் மாறி மாறித் தெரிந்தன. பிறகு அந்தக் கட்டம் கறுப்பாகிவிட்டது.

அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வில்லெம் காபியோடு வந்து அமர்ந்து, ஆட்களைக் காணோமே, இடைவேளையா என்று கேட்டார்.

4

யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதியிருக்கலாம், ஆனால் எனக்கும் அது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெருவில் சிலர் வாந்தி எடுத்தார்கள், குழந்தைகளுக்குக் கண் கழுவ வேண்டியிருந்தது. தெற்கே கன்டெய்னர்களை அடுக்கும் ஒரு சரக்குப் பெட்டி முற்றத்தின் கதவு, லாரி ஒன்று போவதற்காக அந்த நேரம் திறந்திருந்தது. அதன் வழியாக எல்லோரும் பெரிய சாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கிடங்கில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் வளையம் கிழிந்திருந்தது. கன்னியப்பன் அண்ணன் முகமூடியோடு போய் வால்வைப் பாதி மூடினார். பிறகு திரும்பி வந்து, அதே முகமூடியைக் கழற்றி, கூட நின்ற புது ஆளுக்கு மாட்டி, மீதியை மூட அனுப்பினார். அந்தப் புது ஆள் அன்றுதான் இந்த அணிக்கு மாற்றப்பட்டவர். அவருடைய முகமூடி மற்ற அணியின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அணிகள் பொருட்களைப் பகிரக் கூடாது என்பது நோய்த்தடுப்பு விதி. நல்ல விதிதான். எங்கள் அலுவலகம் அனுப்பியதுதான்.

அந்த மாதமே கன்னியப்பன் அண்ணன் காய்ச்சலில் விழுந்தார். அந்த முகமூடியால்தானா, குப்பத்தில் வந்ததா, மருத்துவமனைக்கு வெளியே மரத்தடியில் படுக்கைக்காகக் காத்திருந்தபோது வந்ததா, யாராலும் சொல்ல முடியாது. மீண்டு வந்தார். ஆனால் புகைக்குள் போகத் தகுதி இல்லை என்று சொல்லி வாசலில் லாரிகளைப் பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போனில் பேசினால், "மூச்சு முன்ன மாரி இல்ல பானு, படி ஏறினா பேஜாராவுது, மத்தபடி நல்லாகீறேன்" என்பார். இங்கே மீன் கிடைக்கிறதா என்று இன்னும் கேட்கிறார்.

அலுவலக அறிக்கைக்கு வருகிறேன். பயிற்சி 'நிறைவுற்றது' அல்லது 'நிறைவுறவில்லை' என்று இரண்டே கட்டங்கள். நிஜமாகக் கசிந்தது என்று எழுத இடமே இல்லை. 'நிறைவுறவில்லை' என்று போட்டேன். வாடிக்கையாளர் வருத்தப்படுவார் என்று வில்லெம் அதை மாற்றினார். குழுவினர் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் நன்றாகச் செயல்பட்டார்கள், ஆகவே இது வெற்றி என்றார். அதில் உண்மையும் இருக்கிறது, அதுதான் எரிச்சல். அன்று எல்லோரும் கைபேசி முன் இருந்தார்கள். ஷமீம் தனியாக இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்த விளக்கை எத்தனை நேரம் தனியே பார்த்துக்கொண்டிருப்பாள்? காற்றின் திசை மட்டும் 'கற்றுக்கொண்ட பாடங்க'ளில் ஒரு வரியாகச் சேர்ந்தது.

இந்த நாட்டில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகலில் ஊரெங்கும் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சத்தம் முடிகிற வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்தக் கசிவுக்குப் பிறகு வந்த முதல் திங்களில் நான் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். நஸ்ரின் உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தந்தாள். அன்றைக்கு நீ யாரோடு அப்படிச் சண்டை போட்டாய் என்று அப்போதுதான் கேட்டாள். டச்சில்தான் கேட்டாள். சண்டை இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று தமிழில் சொன்னேன். எனக்குத் தெரிந்த அம்மா இப்படிப் பேசுவதில்லையே என்றாள்.

அது சரிதான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழில் நான் கல்மண்டபத்தைத் துடைத்துச் சுத்தப்படுத்தி வைத்திருந்தேன். 'மெய்யாலுமே' அதில் இல்லை. பிறகு பள்ளியில், வீட்டிலிருந்து வேலை செய்யும் பெற்றோர் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். என் அம்மா திரையைப் பார்த்து ஓர் இந்திய மொழியில் கத்துகிறாள் என்று எழுதியிருந்தாள். ஓர் இந்திய மொழி. ஆசிரியை பக்கத்தில் சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்.

5

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அதே கிடங்குக்கு இணையவழிப் பயிற்சி. விமானங்கள் பறக்கத் தொடங்கிய பிறகும் திரையே வசதி என்று முடிவாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் தெருக்காரர்களையும் சேருங்கள் என்று கேட்டேன். போன ஆண்டு ஒருவழியாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் உள்ளே வர நிறுவன மின்னஞ்சல் வேண்டும், பதவியின் பெயர் வேண்டும். வள்ளிக்கு என்ன பதவி? மனைவி என்று போட்டுப் பார்த்தேன், கணினி ஏற்கவில்லை. கடைசியில் செல்வத்தின் பெயரிலேயே வள்ளி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் கும்பலாக நின்றார்கள்.

நான் வரைபடத்தைத் திறந்தேன். இந்தமுறை காற்று கிழக்கிலிருந்து. அம்பும் தெற்கே. இதற்காக எத்தனை கூட்டங்களில் பேசினேன் என்பதை நினைக்காமல் இருப்பது நல்லது. விளக்கத் தொடங்கியதும் வள்ளி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பானுக்கா, படம்லாம் வாணாம். நாங்க நடந்து காட்றோம், நீ பாரு."

நடந்தார்கள். கைபேசி வள்ளியின் கையில் ஆடியது. சுவர், சாக்கடை, நாய், நிறுத்தி வைத்த ஆட்டோ, மறுபடி சுவர். ஒரு வயதான அம்மாவை இருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. தெரு குறுகும் இடத்தில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டியிருந்தது. அது எந்த வரைபடத்திலும் இல்லை. பயிற்சி தடைபட்டுவிட்டதா, தொழில்நுட்பக் கோளாறா என்று வில்லெம் எழுதிக்கொண்டே இருந்தார். நான் பதில் போடவில்லை.

தெருமுனை வந்தது. சரக்குப் பெட்டி முற்றத்தின் இரும்புக் கதவு, ரயில் பாதையோரச் சாலையில் வரும் லாரிகளுக்கு மட்டும் திறப்பது. அதில் ஒரு பூட்டு.

வள்ளி கைபேசியைப் பூட்டுக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினாள். துருப்பிடித்த பெரிய பூட்டு. அன்று லாரி வந்திருக்காவிட்டால் மொத்தத் தெருவும் கண்ணெரிச்சலோடு இந்தக் கதவில் மோதிக்கொண்டு நின்றிருக்கும். வயதான அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

பூட்டைப் பற்றிக் கிடங்குக்கு எழுதினேன். கதவு பக்கத்து முற்றத்துக்குச் சொந்தம் என்றார்கள். முற்றத்துக்கு எழுதினேன். காவல் ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்ததாரர், திருட்டு நடக்கிறது, மேலிடத்து உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றார். மேலிடம் எது என்று கேட்டேன். கிடங்கைக் கேட்கச் சொன்னார். வில்லெம், இது நம் ஒப்பந்த வரம்புக்குள் வராது என்று மென்மையாகச் சொன்னார். இந்த ஓட்டத்தில் நான் இருந்தபோது, வள்ளியும் மற்ற பெண்களும் தினமும் காலையில் அந்தக் கதவின் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார்கள். உள்ளே போக வேண்டிய லாரிகள் வரிசையாக நின்றன. செல்வத்துக்கு வேலையே போய்விடும் என்று மேற்பார்வையாளர் மிரட்டினார். செல்வம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார்.

கதவைத் திறந்துவிட்டார்கள்.

போன வாரம் அந்த அழைப்பு வந்த அன்றே வள்ளிக்குப் போன் செய்தேன். ஆண்டு விழா, கேக், எங்கள் முதல் வெற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கதவு இன்னும் திறந்துதானே இருக்கிறது என்று விசாரித்தேன்.

"பகல்ல தொறந்துதான் கீது" என்றாள். "பொழுது சாஞ்சா பூட்டிக்கினு போயிட்றாங்கோ. கேஸு பகல்லயே வந்துடணும்னு உன் படத்துல ஒரு வரி எழுதிப் போடு பானுக்கா."